வெந்நீருக்கு முன்னே விழிப்பு

கேமரன் மலையின் விடியற்காலைக் குளிரைப் பற்றி அங்கே பிறந்து வளர்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். கீழே தாப்பாவில் வியர்வை வழியும் அதே மாதத்தில், மேலே தானா ராத்தாவில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைத்துப் போகும். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய அந்தக் காலம் முதல், மலைத் தோட்டத்து லயங்களில் நம் தாய்மார்கள் விறகு மூட்டி, அண்டாவில் வெந்நீர் காய்ச்சித்தான் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்கள்.

இன்று அந்த அண்டாவின் இடத்தைச் சுவரில் தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி பிடித்துக் கொண்டு வருகிறது. கேஸில் எரியும் வெந்நீர்க் கருவிதான் அது. இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வீடு வருகிறான். கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி.

"அம்மா, இனிமே விறகும் வேணாம், புகையும் வேணாம். குழாயைத் திறந்தா வெந்நீர் தானா வரும்!"

"நெருப்பு எங்கேடா தம்பி இருக்கு?"

"எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும்மா. நீங்க பயப்படாதீங்க."

தண்ணீர்க் குழாய் குளியலறையில்தானே இருக்கிறது? பெட்டியை அங்கேயே மாட்டி விடுகிறான். குளிர் காற்று உள்ளே வரக்கூடாது என்று அடுக்குக் கண்ணாடிச் சன்னலை மூடி, இடுக்கில் பழந்துணியைத் திணிக்கிறார் அப்பா. வெந்நீர் வருகிறது. வீடே மகிழ்கிறது.

அன்பான மகன், அக்கறையுள்ள தகப்பன். ஆனால் இருவரும் சேர்ந்து, தங்களை அறியாமலேயே, அந்தக் குளியலறையை ஓர் ஆபத்தான பொறியாக்கி விட்டார்கள்! அந்தத் தாய் கேட்டாரே, 'நெருப்பு எங்கே இருக்கிறது?' என்று, அதுதான் சரியான கேள்வி. விறகு நெருப்பு கண்ணெதிரே இருந்தது. அதற்கு நாம் பயந்தோம். பிள்ளைகளை விலக்கி வைத்தோம். பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் நெருப்பை மறந்து விடுகிறோம். மறந்த நெருப்புத்தான் ஆளைக் கொல்லும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கருவிக்குள் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் விசையால் கேஸ் வரும் வால்வு திறந்து கொள்கிறது. அதே நேரத்தில் 'டக் டக்' என்று ஒரு தீப்பொறி பறக்கிறது. பெரும்பாலான கருவிகளில் இந்தப் பொறியைத் தருபவை கீழே செருகியிருக்கும் இரண்டு தடித்த பேட்டரிகள்தாம். கேஸ் பற்றிக் கொண்டு, வளைந்து வளைந்து போகும் செப்புக் குழாயைச் சூடாக்குகிறது. தண்ணீர் அதன் வழியே ஓடிச் சூடேறி வருகிறது. குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும், வால்வு மூடும், நெருப்பு அணையும்.

சில பழைய கருவிகளில் எப்போதும் எரிந்து கொண்டிருக்கும் சிறு சுடர் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் இருவேறு உலோகங்களை இணைத்த ஒரு முனை இருக்கும். சுடரின் சூட்டில் அந்த முனையில் மிகச் சிறிய மின்சாரம் பிறந்து, கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்தால் முனை ஆறும். வால்வு தானாக மூடிக் கொள்ளும். கேஸ் வீணே கசியாமல் காக்கும் காவல்காரன் இது. இத்தகைய கருவியைப் பற்ற வைக்கும்போது குமிழை அழுத்திச் சுமார் அரை நிமிடம் பிடித்திருக்கச் சொல்வது, அந்த முனை சூடேறுவதற்காகத்தான். பிடிக்கச் சலித்துக் கொண்டு குமிழைக் கம்பி வைத்துக் கட்டி விடுபவர்கள் காவல்காரனையே கட்டிப் போடுகிறார்கள்.

மணமுள்ள பகைவன், மணமில்லாப் பகைவன்

கேஸ் கருவியில் நமக்குப் பகைவர் இருவர்.

முதற் பகைவன் எரியாமல் கசியும் கேஸ். தோம்பில் வரும் கேஸ் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இயற்கையில் அதற்கு மணமே இல்லை. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றமடிக்கும் ஒரு பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். இது காற்றைவிடக் கனமானது. ஆகவே கசிந்தால் மேலே போகாது, தரையில் படரும், சாக்கடையிலும் பள்ளத்திலும் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாய் வழியே வரும் நகர எரிவாயு வேறு வகை. 1862-இல் காலாங்கில் தொடங்கிய எரிவாயு ஆலை 1998-இல் மூடப்படும்வரை அதைத் தந்தது. பிறகு செனோக்கோ ஆலை அந்தப் பணியை ஏற்றது. இந்த வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன். அது காற்றைவிட இலேசானது, மேலே எழும்பும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. சிங்கப்பூரில் பயன்படுத்திய கருவியை ஜோகூர் உறவினருக்குக் கொடுத்து, அதைத் தோம்பு கேஸில் மாட்டுவது பெருந்தவறு. இரண்டு வாயுவுக்கும் கருவியின் துளை அளவுகள் வேறு. எந்த வாயுவுக்கு உரியது என்று கருவியின் தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் மாட்டக் கூடாது.

இரண்டாவது பகைவன் கார்பன் மோனாக்சைடு. காற்றுப் போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் நச்சு வாயு இது. நிறமில்லை, மணமில்லை, கண்ணில் எரிச்சல்கூட இராது. மூச்சோடு உள்ளே போய் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக் கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பற்றிக் கொள்வதால், மூச்சு ஓடிக் கொண்டே இருந்தாலும் உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

முதலில் தலைவலி; பிறகு மயக்கம், குமட்டல், கால்களில் தளர்ச்சி. 'வெறும் வயிற்றில் குளித்தேன், பித்தம்' என்று நினைப்போம். கதவைத் திறக்கலாம் என்று தோன்றும்போது கை எழும்பாது.

ஒரு சிறு கணக்கு

குளியலறை ஒன்று 5 அடி அகலம், 6 அடி நீளம், 8 அடி உயரம் என்று வைத்துக் கொள்வோம். உள்ளே இருப்பது 240 கன அடிக் காற்று. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸ் சூடேற்றும் சிறிய கருவி கால் மணி நேரம் எரிந்தால், கால் கிலோ கேஸ் செலவாகும். அதை முழுமையாக எரிக்கச் சுமார் 115 கன அடிக் காற்று வேண்டும். அதாவது, அறையிலுள்ள காற்றில் ஏறக்குறையப் பாதி! சன்னலும் மூடியிருந்தால் அந்த நெருப்பு எதைக் குடித்து எரியும்? குளிக்கும் பிள்ளையின் மூச்சுக் காற்றைத்தான்.

எனவே, அறைக் காற்றை எடுத்து எரியும் கருவியைக் குளியலறைக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் மாட்டவே கூடாது. வீட்டுக்கு வெளியே, கூரையின் கீழ், மழைச்சாரல் படாத, காற்று நன்றாக ஓடும் சுவரில் மாட்டுங்கள். அங்கிருந்து வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். புகைக்குழாய் உள்ள கருவியானால் அந்தக் குழாய் திறந்த வெளிக்குப் போக வேண்டும். அடுத்த வீட்டுச் சன்னலுக்கோ, கூரை இடுக்குக்கோ போகக் கூடாது.

மாட்டும் வேலையைத் தெரிந்தவர் செய்ய வேண்டும். மலேசியாவில் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர், சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர் என்று கேட்டு அழையுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் கைராசிக்காரராக இருக்கலாம். கேஸ் கைராசி பார்ப்பதில்லை.

பற்ற வைக்கும் முறை

புதிதாக மாட்டியபோதும், தோம்பு மாற்றியபோதும், ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பியபோதும் இந்த வரிசையைக் கடைப்பிடியுங்கள். பத்து நிமிட வேலைதான்.

1. முதலில் மூக்கு. தோம்பின் அருகிலும் கருவியின் கீழும் குனிந்து, தரையை ஒட்டி மோந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

2. அடுத்தது கண். தோம்பு நிமிர்ந்து நிற்கிறதா? படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்து விடும். தோம்பின் வாயிலுள்ள ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா? ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வெடிப்பில்லாவிட்டாலும் குழாயை 2 ஆண்டுக்கு ஒரு முறையும் ரெகுலேட்டரை 5 ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுவது நல்ல வழக்கம். மலேசியாவில் சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

3. கேஸைத் திறக்குமுன் தண்ணீர். வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். குழாயில் தங்கிய காற்று வெளியேறட்டும். பிறகு மூடி விடுங்கள்.

4. ரெகுலேட்டரை மெதுவாகத் திறந்து, சவர்க்கார நுரையை ரெகுலேட்டர் கழுத்திலும், குழாயின் இரு முனைகளிலும், கருவியில் சேரும் இடத்திலும் தடவுங்கள். குமிழி பெருத்துக் கொண்டே வந்தால் கசிகிறது என்று பொருள். உடனே மூடி விட்டு ஆளை அழையுங்கள். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் வழக்கத்தைத் தயவு செய்து விட்டொழியுங்கள்!

5. சூட்டுக் குமிழைக் குறைந்த அளவில் வையுங்கள். முகத்தைக் கருவிக்கு நேரே காட்டாமல் ஒதுங்கி நின்று வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். சில விநாடிகளில் பற்ற வேண்டும். பற்றாவிட்டால் குழாயை மூடி, 5 நிமிடம் காத்திருங்கள். புதுத் தோம்பு மாட்டியிருந்தால் குழாயில் தங்கிய காற்றே காரணமாக இருக்கலாம். மூன்று முறை முயன்றும் பற்றாவிட்டால் நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப உடனுக்குடன் திறந்தால், எரியாத கேஸ் பெட்டிக்குள் தேங்கி, 'டம்' என்று ஒரேயடியாகப் பற்றும். அடிக்கடி இப்படித் தாமதித்துப் பற்றினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

6. சுடரின் நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் இதற்கென்றே சிறிய பார்வைத் துளை இருக்கும். அசையாமல் நீல நிறத்தில் எரிந்தால் நலம். மஞ்சளாகத் துள்ளி எரிந்தாலோ, பெட்டியின் மேல் கரி படிந்திருந்தாலோ, கேஸ் முழுதும் எரியவில்லை. அது கார்பன் மோனாக்சைடின் முகவரி!

7. கடைசியாக, குழாயை மூடுங்கள். நெருப்பு உடனே அணைய வேண்டும். இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். தண்ணீர் நின்ற பிறகும் நெருப்பு எரிந்தால் ரெகுலேட்டரை மூடி விடுங்கள். பழுது பார்க்கும்வரை அந்தக் கருவியைத் தொட வேண்டாம்.

பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கி விடும். குழந்தையின் மெல்லிய தோல் அதைவிட விரைவில் வெந்து போகும்.

ஆண்டுக்கு ஒரு முறை

நன்றாக எரிந்த கருவி எப்போதும் நன்றாகவே எரியும் என்று இருந்து விடக் கூடாது. சிலந்திக்குக் கேஸ் கருவியின் சிறு துளைகள் என்றால் மிகவும் பிரியம். அங்கே வலை பின்னினால் காற்றும் கேஸும் சரியாகக் கலக்காது. புகைக்குழாயில் குருவி கூடு கட்டும். செப்புத் தகடுகளுக்கு இடையே தூசியும் கரியும் அடையும். ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரை அழைத்துத் திறந்து துடைத்துத் தரச் சொல்லுங்கள்.

குளிர் நாளில் கேஸ் குறைந்து சுடர் சுருங்கினால், தோம்பின் மேல் கொதிநீர் ஊற்றுவதும், அதைக் குலுக்குவதும், கவிழ்ப்பதும் சிலர் செய்யும் வேலை. இவை யாவும் ஆபத்து. இரண்டு வெள்ளி கேஸை மிச்சம் பிடிக்கப் போய் வீட்டை இழக்கலாமா?

கார்பன் மோனாக்சைடு கலந்தால் அலறும் சிறு எச்சரிக்கைக் கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. கேஸ் கருவி உள்ள வீட்டில் ஒன்று இருப்பது நல்லது. ஆனால் அது திறந்த சன்னலுக்கு மாற்று ஆகாது.

ஆபத்து நேர்ந்து விட்டால்

கேஸ் நாற்றம் வந்தால் மின்சார விசை எதையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். எட்டுமானால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். வெளியே போன பிறகுதான் தொலைபேசி. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

குளிக்கப் போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கதவை உடையுங்கள். ஆனால் மூச்சை இழுத்துப் பிடித்துக் கொண்டு, முதலில் கதவையும் சன்னலையும் விரியத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். காப்பாற்றப் போனவரும் அங்கேயே விழுந்து விடக் கூடாது. கேஸை மூடுங்கள். மூச்சில்லை என்றால் அவசர எண்ணில் பேசுபவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள்.

எலுமிச்சைச் சாறும் காப்பியும் இந்த நஞ்சை முறிக்க மாட்டா. கண் விழித்து, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கோவிட் காலத்தில் பலர் வாங்கி வைத்த விரல் நுனிக் கருவியை நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பற்றிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் என்றே எண்ணிக் கொண்டு, நல்ல எண்ணைக் காட்டி விடும். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துத்தான் உண்மையை அறிவார்கள். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணிக்குள் பாதியாகும். 'கேஸில் குளித்தார்' என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

அந்தத் தாயின் கேள்வி

அந்த மலை வீட்டுக்கு மீண்டும் போவோம். மகன் கெட்டிக்காரன்தான். பெட்டியைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டச் செய்து, சன்னலில் திணித்த துணியை எடுத்து விட்டால் போதும். அவன் தந்த தீபாவளிப் பரிசு உண்மையிலேயே பரிசாகி விடும். அதோடு அவன் மறுநாளே பட்டணத்துக்குப் பேருந்து ஏறி விடுபவன். தோம்பு தீர்ந்து புதிது மாட்டும் நாளில் வீட்டில் இருக்கப் போவது அம்மாதான். ஆகவே வரிசைப்படி பார்க்கும் முறையை அம்மாவுக்கும், பெரிய பிள்ளைகளுக்கும், குளிக்க வரும் விருந்தாளிக்கும்கூடக் கற்றுக் கொடுத்து விட்டுப் போக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா? இன்று மாலை அதன் முன்னால் போய் நில்லுங்கள். அந்தத் தாயைப் போலவே கேளுங்கள்: நெருப்பு எங்கே இருக்கிறது? அதற்குக் காற்று எங்கிருந்து வருகிறது? புகை எங்கே போகிறது?

மூன்றுக்கும் விடை தெரிந்தால் குழாயைத் திறக்கலாம். ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால், அன்று ஒரு நாள் அண்டாவில் காய்ச்சிய வெந்நீரே போதும்.